கனடாலருந்து வந்த சொட்டு மருந்தும் நம்ம பிபி மாத்திரை அட்டையும்

மெடிக்கல் ஷாப் கவுண்டர்ல நின்னு 14 வருஷம் ஆச்சு. திருச்சி உறையூர் பக்கம் கடை. மாசம் பொறந்து 5 தேதிக்குள்ள பென்ஷன்காரங்க வரிசையா வந்துருவாங்க, மடிச்சு மடிச்சு நாலா கிழிஞ்ச டாக்டர் சீட்டை சட்டைப் பையிலருந்து எடுத்து நீட்டுவாங்க, அத பாக்கவே வேண்டாம், ஆளப் பாத்தாலே டெல்மிசார்டன் 40 ரெண்டு அட்டை, அம்லோடிபின் 5 ரெண்டு அட்டைன்னு கை தானா போயிரும். அப்படி வர்றவர்ல ஒருத்தர் ஈபில இருந்து ரிட்டையர் ஆனவர், வயசு 67. போன வருஷம் ஒருநாள் அட்டை கேக்காம, சட்டைப் பையிலருந்து சின்னதா ஒரு பிரவுன் கலர் கண்ணாடி பாட்டில எடுத்து கவுண்டர் மேல வச்சாரு. மூடியிலயே சொட்டு விடுற ரப்பர்.

"தம்பி, இது கஞ்சாவா மருந்தா?"

பக்கத்துல இருமல் சிரப் வாங்க நின்ன அம்மா ரெண்டடி தள்ளி நின்னுச்சு. நான் சிரிச்சுட்டேன். "சார், கொஞ்சம் மெதுவா சொல்லுங்க"ன்னேன்.

விஷயம் என்னன்னா அவரோட தங்கச்சி மவன் டொராண்டோல இருக்கான். லீவுக்கு வந்தப்போ மாமாவுக்குன்னு வாங்கிட்டு வந்துருக்கான், சிபிடி ஆயில். முட்டி வலிக்கு நல்லது, தூக்கத்துக்கு நல்லது, முக்கியமா பிரஷர இறக்கும், தினம் காலையில நாக்குக்கு அடியில ஒரு சொட்டான் விட்டுக்கங்க மாமா, ரெண்டு மாசத்துல மாத்திரைய ஒவ்வொண்ணா நிறுத்திரலாம்னு சொல்லிட்டு பிளைட் ஏறிட்டான். இவர் மாத்திரைய நிறுத்தறதுக்கு முன்னாடி எங்கிட்ட வந்து கேட்டாரே, அதுக்கே அவருக்கு ஒரு கும்பிடு போடணும்.

அன்னிக்கு எனக்கு தெரிஞ்சத சொன்னேன், தெரியாதத வீட்டுக்கு போய் ராத்திரி உக்காந்து படிச்சேன். அதுக்கப்புறம் இந்த கேள்வி வேற ரெண்டு மூணு பேர்கிட்டருந்தும் வந்துச்சு, அதனால ஒரே இடத்துல எழுதி வைக்கிறேன்.

முதல்ல அந்த கஞ்சாவா மருந்தாங்கற கேள்வி. ரெண்டுக்கும் ஒரே செடிதான். அந்த செடியில நூத்துக்கும் மேல சரக்கு இருக்கு, அதுல பெரிய ஆளுங்க ரெண்டு பேர், டிஎச்சி, சிபிடி. தலைய கிறுகிறுன்னு சுத்த வைக்கிறது டிஎச்சி. சிபிடி போதை தராது. 1940ல அமெரிக்காவுல இல்லினாய்ஸ் யுனிவர்சிட்டில ரோஜர் ஆடம்ஸ்ங்கறவர் சிபிடிய தனியா பிரிச்சு எடுத்தாரு, ஆனா அதோட சரியான அமைப்பு தெரிய 1963 ஆச்சு, அத கண்டுபிடிச்சது இஸ்ரேல்ல மெக்கூலம் குழு, அடுத்த வருஷமே அவங்கதான் டிஎச்சியையும் பிரிச்சாங்க. உலக சுகாதார நிறுவனத்தோட நிபுணர் குழு 2018ல சிபிடிய அலசிட்டு சுத்தமான சிபிடிக்கு ஆள அடிமையாக்குற குணம் இல்லைன்னு சொல்லுச்சு. அதே 2018 ஜூன்ல அமெரிக்க மருந்து கட்டுப்பாட்டு துறையான எஃப்டிஏ, எபிடியோலெக்ஸ்ங்கற பேர்ல சிபிடி சிரப்ப, குழந்தைங்களுக்கு வர்ற ரெண்டு மோசமான வலிப்பு நோய்க்கு மருந்தாவே ஒத்துக்கிட்டாங்க. ஆக மருந்துதான். ஆனா எதுக்கு மருந்துன்னா வலிப்புக்கு. பிபிக்குன்னு எந்த நாட்டு மருந்து துறையும் இத ஒத்துக்கல.

அப்ப பிபிய இறக்கும்ங்கற பேச்சு எங்கருந்து வந்துச்சு? சும்மா கிளப்பி விட்டதுன்னு நானும் முதல்ல நெனச்சேன், அப்படி இல்ல, நிஜமாவே ஆராய்ச்சி இருக்கு. 2017ல இங்கிலாந்து நாட்டிங்காம் யுனிவர்சிட்டி ஆளுங்க ஒரு சின்ன சோதனை பண்ணாங்க. வெறும் 9 பேர், எல்லாரும் நோய் நொடி இல்லாத இளவட்ட ஆம்பளைங்க. ஒரு தடவை 600 மில்லிகிராம் சிபிடி, இன்னொரு தடவை ஒண்ணுமே இல்லாத டம்மி கேப்ஸ்யூல், எது எப்பன்னு அவங்களுக்கே தெரியாது. சிபிடி எடுத்தப்போ மேல் பிரஷர், அதான் சிஸ்டாலிக், 6 பாயிண்ட் குறைஞ்சுச்சு. ஐஸ் தண்ணி சோதனைன்னு ஒண்ணு உண்டு, குளிர் தாங்காம பிரஷர் ஜிவ்வுன்னு ஏறும், அந்த ஏத்தமும் கம்மியாச்சு. ஆனா இதயத் துடிப்பு மட்டும் கூடுச்சு, இத யாரும் ஃபார்வர்ட் மெசேஜ்ல போடறதில்ல.

ஏன் குறையுதுன்னா, ஒரே காரணம் சொல்ல முடியாத மருந்து இது. மனுஷனோட குடல் பக்கத்து ரத்தக் குழாய தனியா எடுத்து வச்சு அதுல சிபிடிய விட்டு பாத்துருக்காங்க, குழாய் தளர்ந்து விரிஞ்சுச்சு. குழாய் விரிஞ்சா பிரஷர் இறங்கும், தோட்டத்து ஹோஸ் பைப்ப நசுக்கி பிடிச்சா தண்ணி பீச்சி அடிக்குது, விட்டா வழியுது, அதே கதைதான். இன்னொண்ணு பதட்டம். பயம், டென்ஷன் வந்தா உடம்பு அட்ரினலின கொட்டி பிரஷர ஏத்தும், சிபிடி அந்த வேகத்த கொஞ்சம் அடக்குதுன்னு தெரியுது. மிருகங்கள்ல நடந்த ஆராய்ச்சிய எல்லாம் 2017ல ஒண்ணா சேத்து பாத்தப்பவும் இதேதான் வந்துச்சு, சும்மா இருக்கற எலிக்கு பிரஷர் பெருசா மாறல, மிரட்டி டென்ஷன் ஆக்குன எலிக்குத்தான் குறைஞ்சுச்சு. போலந்துல பிறவியிலயே பிரஷர் இருக்கற எலிகளுக்கு ரெண்டு வாரம் தொடர்ந்து குடுத்து பாத்தாங்க, அதுங்களுக்கு பிரஷர் இறங்கவே இல்ல.

இந்த தொடர்ந்து குடுக்கறதுலதான் சிக்கல். பிபி மாத்திரைன்னா ஒருநாள் கூத்து இல்லையே, வருஷக்கணக்கா போடணும். நாட்டிங்காம் ஆளுங்களே அடுத்து 26 பேர வச்சு 2020ல இன்னொண்ணு பண்ணாங்க, அதே 600 மில்லிகிராம், ஆனா 7 நாள். முதல் நாள் இறங்குன பிரஷர், ஏழாம் நாள் சும்மா உக்காந்துருக்கறப்போ பாத்தா டம்மிக்கும் இதுக்கும் வித்தியாசமே இல்ல. உடம்பு பழகிருச்சு. ரத்தக் குழாயோட விறைப்பு கொஞ்சம் குறைஞ்சது, குழாயோட உள்சுவர் கொஞ்சம் நல்லா வேலை செஞ்சதுங்கறது வேற விஷயம், அது நல்ல சேதிதான். இவங்களும் பிபி இல்லாத ஆளுங்கதான்.

சரி, பிபி இருக்கறவங்கள வச்சு யாரும் பண்ணலையான்னா, பண்ணாங்க, குரோஷியாவுல ஸ்ப்லிட்ங்கற கடற்கரை ஊர்ல. 2023ல வெளியாச்சு. 70 பேஷண்ட், சிலர் மாத்திரையே எடுக்காதவங்க, சிலர் மாத்திரைல இருக்கறவங்க. அஞ்சு வாரம் சிபிடி, அப்புறம் இடைவெளி விட்டு அஞ்சு வாரம் டம்மி, பாதி பேருக்கு இத தலைகீழா. கையில பட்டைய கட்டி 24 மணி நேரமும் தானா பிரஷர் எடுக்கற மெஷின வச்சு அளந்தாங்க, இது முக்கியம், ஏன்னா கிளினிக்ல ஒரு தடவை எடுக்கற ரீடிங் டாக்டர பாத்த பயத்துலயே 10, 15 ஏறி நிக்கும். முதல் ரெண்டரை வாரம் ஆள் எடைக்கு தக்கன தினம் 225லருந்து 300 மில்லிகிராம், அடுத்த ரெண்டரை வாரம் 375லருந்து 450. ரிசல்ட், மேல் பிரஷர் சராசரியா 5 பாயிண்ட்டுக்கு கொஞ்சம் கம்மியா இறங்குச்சு, கீழ் பிரஷர் 2 சொச்சம். டோஸ ஏத்துன பிறகு அதுக்கு மேல இறங்கல. அந்த கேப்ஸ்யூல் கடையில கிடைக்கற எண்ணெய் இல்ல, உடம்புல நல்லா சேரணும்னு லெக்ஸாரியாங்கற கம்பெனி தனியா தயாரிச்சது, சோதனைக்கு காசு குடுத்ததும் அதே கம்பெனி. அதுக்காக பொய்னு சொல்லல, ஆனா அத தெரிஞ்சுக்கிட்டு படிக்கணும்.

5 பாயிண்ட்ங்கறது கம்மியா ஜாஸ்தியா? சும்மா தள்ளிற முடியாது. மேல் பிரஷர் 5 பாயிண்ட் குறைஞ்சா மாரடைப்பு, பக்கவாதம் மாதிரி பெரிய விவகாரங்க 10 சதவீதம் போல குறையுதுன்னு 2021ல லான்செட்ங்கற மருத்துவ ஜர்னல்ல வந்த பெரிய அலசல் சொல்லுது. ஆனா அதே 5 பாயிண்ட்ட வேற எது குடுக்கும்னு பாருங்க. பிரஷர் உள்ளவங்க ஒரு நாளைக்கு நாலரை கிராம் போல உப்ப குறைச்சா கிட்டத்தட்ட இதே 5 பாயிண்ட் இறங்குது, இதுவும் பல சோதனைய சேத்து பாத்து சொன்னதுதான். நாலரை கிராம்னா ஒரு டீஸ்பூன விட கொஞ்சம் கம்மி. நம்ம வீட்டு சாப்பாட்டுல ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், கருவாடு, சாயங்கால மிக்சர் இதுலயே அது அடங்கிரும். ஒரு சாதாரண பிபி மாத்திரை, வழக்கமான டோஸ்ல, 9 பாயிண்ட் போல இறக்கும், ஒரு அட்டை என்ன வெலைன்னு உங்களுக்கே தெரியும், கவர்மெண்ட் ஆஸ்பத்திரில ஓசியாவே குடுக்கறாங்க, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல 2021லருந்து வீட்டுக்கே கொண்டாந்து குடுக்கறாங்க.

இப்ப அந்த பாட்டிலுக்கு வருவோம். நான் சார் முன்னாடியே கால்குலேட்டர எடுத்தேன். லேபிள்ல 30 மில்லி, மொத்தம் 1000 மில்லிகிராம் சிபிடின்னு போட்டுருக்கு. அப்ப ஒரு மில்லிக்கு 33 மில்லிகிராம். அந்த ரப்பர் சொட்டான்ல முழுசா ஏத்துனா ஒரு மில்லி. மாப்ள சொன்ன மாதிரி தினம் ஒரு சொட்டான்னா 33 மில்லிகிராம். குரோஷியாவுல குறைஞ்சபட்சம் குடுத்தது 225. நாட்டிங்காம்ல 600. அதாவது குரோஷியா கணக்குப்படி தினம் 300 வேணும்னா 9 சொட்டான், பாட்டில் மூணே நாள்ல காலி. நாட்டிங்காம் கணக்குன்னா ரெண்டு நாள் கூட வராது.

"அப்ப மாசத்துக்கு 9, 10 பாட்டில் வேணுமா?"ன்னு கேட்டாரு சார்.

"ஆமா சார். ஒரு பாட்டில் என்ன வெலையாம்?"

"அறுவது டாலராம்."

கனடா டாலர ரூபாயா மாத்தி பத்தால பெருக்கி அவர்கிட்ட காட்டுனேன். பென்ஷன் புக்க ஒரு தடவை மனசுக்குள்ள புரட்டிருப்பாருன்னு நெனக்கிறேன், கொஞ்ச நேரம் பேசல.

காசு இருக்கறவங்க வாங்கிக்கலாமே, 9 சொட்டான் குடிச்சா போச்சுன்னு நெனச்சா அங்க அடுத்த கதவு சாத்திருக்கு. இங்கிலாந்துல சிபிடி கடையில வெளிப்படையா விக்குது, அந்த நாட்டு உணவு தர ஏஜென்சி முதல்ல ஒரு நாளைக்கு 70 மில்லிகிராமுக்கு மேல வேண்டாம்னு சொல்லிக்கிட்டு இருந்துச்சு, 2023 அக்டோபர்ல அத ஒரேயடியா 10 மில்லிகிராமுக்கு இறக்கிட்டாங்க. காரணம், ரொம்ப நாள் எடுத்தா கல்லீரலுக்கும் தைராய்டுக்கும் பாதிப்பு வரலாம்ங்கற டேட்டா. அந்த 2023 ஜனவரியிலயே அமெரிக்க எஃப்டிஏவும், இத சாப்பாட்டு பொருளாவோ சத்து மாத்திரையாவோ விட இப்ப இருக்கற சட்ட வழி பத்தாதுன்னு கைய விரிச்சுட்டாங்க. 10 எங்க, 300 எங்க? பிரஷர இறக்குன டோஸ், டாக்டர் கண்காணிப்பு இல்லாம சாப்பிடலாம்னு சொன்ன டோஸ விட முப்பது மடங்கு. பிரஷருக்கு வேலை செய்யற அளவு கடை பாட்டில்ல இல்ல, கடை பாட்டில்ல இருக்கற அளவு பிரஷருக்கு வேலை செஞ்சதா எந்த நல்ல சோதனையும் காட்டல. இந்த இடைவெளிதான் மொத்த கதையும், மத்ததெல்லாம் இதச் சுத்தித்தான்.

கல்லீரல் விஷயம் சும்மா பயமுறுத்தறது இல்ல. வலிப்புக்கு அந்த சிரப்ப எழுதற டாக்டருங்களே ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை, அப்புறம் ஒண்ணு, மூணு, ஆறாம் மாசம்னு எல்எஃப்டி, அதான் கல்லீரல் ரத்த டெஸ்ட், எடுக்க சொல்வாங்க. அங்க டோஸ் ஜாஸ்தி, சரி. ஆனா 2025ல எஃப்டிஏ ஆளுங்களே ஆரோக்கியமான 201 பேர வச்சு ஒரு சோதனை வெளியிட்டாங்க, அதுல 151 பேருக்கு கிலோவுக்கு 5 மில்லிகிராம் கணக்குல 28 நாள் சிபிடி. 70 கிலோ ஆளுக்கு அது 350 மில்லிகிராம், அப்படியே நம்ம குரோஷியா டோஸ். 8 பேருக்கு கல்லீரல் என்சைம் இயல்பு அளவோட மூணு மடங்குக்கு மேல ஏறிருச்சு. உடம்புல ஒண்ணும் தெரியாது, ரத்தம் எடுத்து பாத்தாத்தான் தெரியும். குரோஷியாவுல அப்படி எதுவும் வரலன்னு சொன்னாங்க, அங்க 70 பேர்தான், அதுவும் அஞ்சே வாரம். நம்ம ஊர் பிரஷர்காரர்ல எத்தனை பேருக்கு ஃபேட்டி லிவர் இருக்கு, எத்தனை பேர் சாயங்காலம் ஒரு கட்டிங் போடறாங்கங்கறத சேத்து யோசிச்சுக்கங்க.

இனிமே சொல்லப் போறதுதான் கவுண்டர்ல நிக்கற எனக்கு நெஜமாவே பயம் தர்ற விஷயம், மத்த மாத்திரையோட சண்டை.

நாம முழுங்கற நிறைய மாத்திரை கல்லீரல்ல உடைஞ்சுதான் வெளிய போகுது, அதுக்கு அங்க சில என்சைமுங்க இருக்கு. இத நான் சார்கிட்ட சமயபுரம் டோல்கேட்ட வச்சுத்தான் சொன்னேன். நாலு லேன் இருக்கு, ஒவ்வொரு லேன்லயும் வண்டி வரிசையா போய்க்கிட்டே இருக்கும். ஆடி வெள்ளிக்கிழமை பஸ்ஸும் வேனுமா வந்து லேன அடைச்சுக்கிட்டா, அன்னிக்கு வழக்கமா போற வண்டி எல்லாம் பின்னாடி தேங்கி நிக்கும். சிபிடி அந்த ஆடி வெள்ளி கூட்டம். ஒரு லேன் இல்ல, பல லேன ஒரே நேரத்துல அடைக்கற பார்ட்டி. பின்னாடி தேங்கற வண்டிதான் உங்க பிபி மாத்திரை, அது ரத்தத்துல தேங்குனா டோஸ் கூடுன மாதிரி.

பிபிக்கு போடற அம்லோடிபின், நிஃபெடிபின், டில்டியாசெம், கொலஸ்ட்ராலுக்கு போடற அட்டோர்வாஸ்டாட்டின் இதெல்லாம் ஒரே லேன்ல போற வண்டி. அம்லோடிபின் உடம்ப விட்டு பாதி இறங்கவே ஒண்ணரை நாளுக்கு மேல ஆகும், அது தேங்குச்சுன்னா சட்டுன்னு சரியாகாது, கால் வீங்கும், எந்திரிச்சு நின்னா கண்ணு இருட்டும். டெல்மிசார்டன் அந்த லேன் பக்கமே போகாது, லிசினோபிரில், அட்டெனோலால் எல்லாம் கிட்னி வழியா நேரா போயிரும். அதுங்களுக்கு டிராபிக் தொல்லை இல்ல, ஆனா ரெண்டும் சேந்து பிரஷர இறக்குனா ராத்திரி பாத்ரூமுக்கு எந்திரிக்கற 67 வயசு மனுஷன் சுவத்த பிடிக்க வேண்டி வரும்.

லோசார்டான்ங்கற பிபி மாத்திரை கதை இன்னும் விசித்திரம். அமெரிக்காவுல 18 பேருக்கு 640 மில்லிகிராம் சிபிடியும் 20 மில்லிகிராம் டிஎச்சியும் போட்ட பிரௌனி கேக்க குடுத்து, கூடவே அஞ்சாறு மாத்திரைய சின்ன டோஸ்ல குடுத்து பாத்தாங்க, 2023ல வெளியாச்சு. லோசார்டானோட அளவு ரத்தத்துல முக்கால் பங்கு போல கூடிருச்சு. அசிடிட்டிக்கு போடற ஒமெப்ரசோல் மூணு மடங்கு ஆயிருச்சு. லோசார்டான் கூடுனா பிரஷர் இன்னும் இறங்கும்னுதான யோசிப்பீங்க? அங்கதான் டிவிஸ்ட், லோசார்டான் கல்லீரல்ல உடைஞ்ச பிறகு வர்ற சரக்குதான் பெரும்பாலும் வேலைய செய்யுது. டோல்கேட்ல மாட்டிக்கிட்டா அந்த சரக்கு கம்மியாத்தான் வெளிய வரும். ஒரே கூட்டம், ஒரு மாத்திரைக்கு டோஸ ஏத்தலாம், இன்னொரு மாத்திரைய மொக்கையாக்கலாம்.

ஸ்டென்ட் வச்சவங்க போடற க்ளோபிடோக்ரெல் இதே வகை, கல்லீரல்ல உடைஞ்சாத்தான் ரத்தம் உறையாம பாத்துக்கும். ஒமெப்ரசோல் அந்த லேன அடைக்குதுன்னு 2009லயே எஃப்டிஏ எச்சரிச்சு, அதுக்கப்புறம் டாக்டருங்க ஸ்டென்ட் பேஷண்டுக்கு பேன்டாப்ரசோல்ங்கற வேற அசிடிட்டி மாத்திரைக்கு மாத்துனாங்க, எங்க கடையிலயே அந்த மாத்தத்த பாத்தேன். சிபிடி அடைக்கறதும் அதே லேன்தான். ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் எடுக்கறவருக்கு சிபிடி சிரப் ஆரம்பிச்ச பிறகு ஐஎன்ஆர், அதான் ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகுதுன்னு காட்டற கணக்கு, ஏறி, வார்ஃபரின் டோஸ குறைக்க வேண்டி வந்ததுன்னு மருத்துவ ஜர்னல்லயே கேஸ் இருக்கு. நம்ம ஊர்ல பிரஷர்காரர் யாரும் பிரஷர் மாத்திரை மட்டும் வாங்கறதில்ல. சுகர், கொலஸ்ட்ரால், இதயம், அசிடிட்டி, ஒரு பை நிறைய வாங்கிட்டு போறாங்க. அந்த பையில இன்னொரு பாட்டில போடறதுக்கு முன்னாடி மொத்த பையையும் டாக்டர் மேசை மேல கொட்டி காட்டணும்.

இதுல சாப்பாடு வேற. வெறும் வயித்துல குடிச்சா சிபிடி நூத்துக்கு ஆறு பங்கு போலத்தான் ரத்தத்துல சேரும், நெய் மிதக்கற பொங்கல் மாதிரி கொழுப்பு சாப்பாட்டோட எடுத்தா நாலஞ்சு மடங்கு ஜாஸ்தியா சேரும். அப்ப திங்கக்கிழமை டீயோட ஒரு டோஸ், ஞாயித்துக்கிழமை மட்டன் குழம்போட இன்னொரு டோஸ், பாட்டில்ல இருக்கறது அதே அளவு. பிரஷர் மாதிரி நாள் தவறாம ஒரே சீரா வச்சுக்க வேண்டிய சமாச்சாரத்துக்கு இது சரிப்படுமா?

லேபிள நம்பலாமாங்கறதும் இருக்கு. அமெரிக்காவுல ஆன்லைன்ல வித்த 84 சிபிடி ஐட்டத்த வாங்கி டெஸ்ட் பண்ணி 2017ல ஜாமா ஜர்னல்ல போட்டாங்க. லேபிள்ல போட்ட அளவு சரியா இருந்தது 31 சதவீதம்தான், மத்தது கூட இல்லாட்டி கம்மி. 18 சாம்பிள்ல டிஎச்சியும் இருந்துச்சு. டிஎச்சி உள்ள போனா துடிப்பு எகிறும், படுத்துருந்துட்டு சடக்குன்னு எந்திரிச்சா பிரஷர் விழும், பிரஷர் பேஷண்டுக்கு கேக்காமலே வர்ற வில்லங்கம். கனடாவுல லைசென்ஸ் கடையில வாங்குனா டெஸ்ட் பண்ணின சரக்குதான் வரும், அது பரவால்ல. ஆனா அங்க 2018 அக்டோபர் 17லருந்து சட்டப்படி விக்கறாங்கங்கறதால பெட்டியில போட்டு எடுத்துட்டு வரலாம்னு அர்த்தம் இல்ல, கஞ்சா செடி சரக்க சிபிடியா இருந்தாலும் நாட்டு எல்லை தாண்டி கொண்டு போறது கனடா சட்டத்துலயே குத்தம். ஹாங்காங் வழியா வர்றவங்க இன்னும் உஷாரா இருக்கணும், அங்க 2023 பிப்ரவரி 1லருந்து சிபிடியே ஆபத்தான போதைப்பொருள் லிஸ்ட்ல இருக்கு. மாப்ளைக்கு இதெல்லாம் தெரியாது, பாசத்துல கொண்டாந்துட்டான்.

நம்ம ஊர் ஆன்லைன்ல விக்கறது வேற கதை. 1985 போதைப்பொருள் சட்டத்துல கஞ்சான்னா பூக்கற, காய்க்கற நுனியும் பிசினும்தான், தனி இலையும் விதையும் அந்த வரையறைல வராது. அந்த இலைய வச்சு விஜயாங்கற பேர்ல ஆயுர்வேத லைசென்ஸ்ல எண்ணெய் தயாரிக்கறாங்க, அது சட்டப்படி டாக்டர் மேற்பார்வைல எடுக்க வேண்டிய லிஸ்ட்ல இருக்கற சரக்கு, இலைச்சாறுல டிஎச்சியும் இருக்கும். இன்னொண்ணு ஹெம்ப் சீட் ஆயில், விதைய ஆட்டி எடுக்கற சமையல் எண்ணெய், 2021ல நம்ம நாட்டு உணவு தர ஆணையம் எஃப்எஸ்எஸ்ஏஐ சாப்பாட்டு பொருளா அனுமதிச்சாங்க. நல்லெண்ணெய் மாதிரி ஒரு எண்ணெய், அதுல சிபிடி பேருக்குத்தான் இருக்கும். ஆனா பாட்டில்ல பச்சை இலை படத்த பெருசா போட்டு வைக்கறதால ரெண்டும் ஒண்ணுன்னு நெனச்சு ஏமாந்தவங்க இருக்காங்க.

சரி, சார் கதைய முடிக்கணும்ல. இவ்வளவும் கேட்டுட்டு அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாரு, "எல்லாம் சரி தம்பி, நான் மாத்திரை ஒழுங்காத்தான் போடறேன், அப்புறம் ஏன் மூணு மாசமா 150க்கு கீழ வர மாட்டேங்குது?" அவர் வீட்ல மெஷின் இருக்கு, கோடு போட்ட நோட்டுல தேதி போட்டு எழுதி வச்சுருக்காரு, 152, 156, 149. நோட்ட வாங்கி புரட்டுனேன். மூணு மாசத்துக்கு முன்னாடி 130 சொச்சத்துலதான் இருந்துருக்கு. அப்ப என்ன புதுசா சேந்துச்சுன்னு கேட்டதுக்கு முட்டி வலிக்கு காலையில ஒண்ணு ராத்திரி ஒண்ணு மாத்திரை போடறேன்னாரு. அது டைக்ளோஃபெனாக். அந்த வகை வலி மாத்திரை உடம்புல உப்பையும் தண்ணியையும் தேக்கி பிரஷர ஏத்தும், டெல்மிசார்டன் மாதிரி மாத்திரையோட வேலையவும் கெடுக்கும், கிட்னிக்கும் ஆகாது. ஒரு வாரத்துக்குன்னு டாக்டர் எழுதுன சீட்ட வச்சே மூணு மாசமா அட்டை அட்டையா வாங்கிருக்காரு. குடுத்தது யாரு, எங்க கடைதான். நான் லீவுல இருந்தப்ப பையன் குடுத்துருக்கான், நான் இருந்தப்பவும் ரெண்டு தடவை குடுத்துருக்கேன், பில்ல எடுத்து பாத்தா என் கையெழுத்து. கனடா பாட்டில் ஆபத்துன்னு அரை மணி நேரம் லெக்சர் அடிச்சவனுக்கு மூஞ்சி எங்க வைக்கறதுன்னு தெரியல.

அன்னிக்கே அவர் டாக்டர்கிட்ட அந்த நோட்டோட, மாத்திரை பையோட, பாட்டிலோட அனுப்பிவிட்டேன். டாக்டர் வலி மாத்திரைய நிறுத்தி பாராசிட்டமால் எழுதுனாரு, முட்டிக்கு பிசியோ போக சொன்னாரு, பிபி மாத்திரைல கை வைக்கல. அடுத்த மாசம் 4ந் தேதி சார் வந்தப்போ நோட்டுல 138, 134, 136. முட்டி வலி மட்டும் அப்படியேதான் இருக்குன்னு ஒரு பாட்டம் திட்டிட்டு, அட்டைய வாங்கி பையில போட்டாரு.

பாட்டில் என்னாச்சு சார்னு கேட்டேன். சாமி அலமாரில விபூதி டப்பாக்கு பின்னாடி இருக்காம், அறுவது டாலர் குடுத்து வாங்குனத எப்படி தூக்கி போடறதுன்னாரு. "மாப்ள வாரா வாரம் போன் போட்டு கேக்கறான், சொட்டு விட்டுக்கிட்டுத்தான் இருக்கேன், பிரஷர் நல்லா இறங்கிருச்சுன்னு சொல்லி வச்சுருக்கேன். அடுத்த லீவுக்கு ரெண்டு பாட்டிலா கொண்டாறேங்கறான், என்ன பண்றது தம்பி?"